மரியாதை யாருக்கு உரியது? - 1992 முதல் ஒரு மீள்பார்வை

மரியாதை என்னும் சொல்லுக்கு வடமொழியில் எல்லை, கரை, வரம்பு என்பன மூலப்பொருள்கள். தமிழ் வழக்கில் அது வேறொரு வடிவம் கொண்டது. கோயிலில் முதல் மரியாதை, பரிவட்டம், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்றல் என, கீழிருப்பவர் மேலிருப்பவருக்குச் செலுத்தும் கப்பமாகவே அது நெடுங்காலம் விளங்கியது. 1925-இல் தோன்றிய இயக்கமொன்று அதன் முன்னே 'சுய' என்று சேர்த்தபோது சொல்லின் திசையே மாறிற்று. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணின் சொத்துரிமை குறித்தும் மணவுரிமை குறித்தும் தீர்மானம் இயற்றியது தற்செயலன்று. பிறர் தருவதற்கு முன்பே ஒருவரிடம் இருப்பது மரியாதை என்று கொண்டால், அதைப் பெண்ணுக்கு மறுக்க எந்த நியாயமும் மிஞ்சுவதில்லை.

ஆயினும் சட்டத்தின் மொழி வேறாக இருந்தது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் பெண் மீதான அத்துமீறலை அவளது நாணத்திற்கு நேர்ந்த பங்கம் என்றே வரையறுத்தது. நாம் அதை 'மானபங்கம்' என மொழிபெயர்த்துக்கொண்டோம். இச்சொல்லில் ஒரு நுட்பமான அநீதி ஒளிந்திருக்கிறது. குற்றம் இழைத்தவன் ஆண். மானம் போனதோ பெண்ணுக்கு. அந்த மானமும் குடும்பத்துக்கும் குலத்துக்கும் உரிய உடைமையாகக் கருதப்பட்டதால், காக்க வேண்டிய கடமையும் இழந்தால் மறைக்க வேண்டிய கடமையும் அவள் தலையிலேயே விழுந்தன. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய நியாயச் சட்டத்திலும் நாணம் என்னும் அக்கருத்து ஒரு பிரிவில் தொடர்வதை வாசகர்கள் கவனிக்கலாம்.

இந்த வரலாற்றில் 1992-ஆம் ஆண்டை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், நெய்வேலி அடங்கிய அன்றைய தென்னாற்காடு மாவட்டத்திலேயே, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில், பிடித்துச் செல்லப்பட்ட கணவனைத் தேடி வந்த பெண் காவலர்களால் வன்புணர்வுக்கு உள்ளானார். கணவரும் காவலிலேயே இறந்தார். அதே மாதம் 20-ஆம் நாள், தருமபுரி மாவட்டம் அரூர் அருகே வாச்சாத்தி என்னும் மலையடிவாரச் சிற்றூரில், சந்தனக்கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்து மக்களை அடித்து நொறுக்கினர். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். செப்டம்பரில் இராஜஸ்தானத்தின் படேரி கிராமத்தில், குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி கூட்டு வன்புணர்வுக்கு உள்ளானார்.

மூன்று இடங்களிலும் முதல் எதிர்வினை ஒன்றே: நம்ப மறுத்தல். படேரி வழக்கில் 1995-இல் கீழமை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோரை விடுவித்தபோது, மேல்சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தீண்டமாட்டார்கள் என்ற வாதமும் அதில் இடம்பெற்றது. மரியாதைக்குரியவர் தவறிழையார், மரியாதையற்றவர் மெய் சொல்லார் என்ற பழைய நம்பிக்கையே நீதியின் மொழியில் வெளிப்பட்டது.

அதை உடைத்தது எது? வாச்சாத்தியில் பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் மாதர் சங்கமும் ஆண்டுக்கணக்கில் அலைந்தன. 1995-இல் உயர்நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட, 2011 செப்டம்பர் 29 அன்று எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் அறிவித்தது. 2023-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. போராட்டம் என்றதும் நம் நினைவில் எழுவது மேடையும் முழக்கமும். ஆனால் இங்கே போராட்டம் என்பது, அதிகம் படித்திராத பெண்கள் நீதிமன்றப் படியேறி, குறுக்கு விசாரணையில் தளராமல், சொன்னதையே 19 ஆண்டுகள் சொல்லி நின்றது. 'மானம் போயிற்றே' என்று மௌனம் காத்திருந்தால் அவ்வழக்கு இல்லை.

படேரியின் விளைவு வேறு வகையானது. மகளிர் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்சநீதிமன்றம் 'விசாகா' நெறிமுறைகளை வகுத்தது. பணியிடத்தில் பாலியல் சீண்டல் என்பது சமத்துவத்துக்கும் கண்ணியமான வாழ்வுக்கும் தொழில் செய்யும் உரிமைக்கும் எதிரான மீறல் என்றது. நாணம் என்ற இடத்தில் உரிமை வந்தமர்ந்தது. மறு ஆண்டே சென்னையில் ஒரு கல்லூரி மாணவியின் மரணத்தையடுத்துத் தமிழக அரசு 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் கொண்டுவந்தது. வன்முறையை விளையாட்டாக்கும் அந்தப் பெயர் பின்னர் நீக்கப்பட்டுத் 'துன்புறுத்தல்' என்றானதும் சிறு வெற்றியே. விசாகா நெறிமுறைகள் நாடாளுமன்றச் சட்டமாக 16 ஆண்டுகள் ஆயின. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடந்தோறும் ஒரு பெண்ணின் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு அமைந்தாக வேண்டும்.

இச்சட்டத்தை நெய்வேலியில் இருந்து வாசிக்கும்போது அதன் ஒரு வரையறை நம் கவனத்தை ஈர்க்கிறது. 1956-இல் தோன்றிய நிலக்கரி நிறுவனத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக எழுந்த நகரியம் இது. பதவிக்கேற்ற குடியிருப்பு என்பது நகரிய வாழ்வின் இலக்கணம். எந்த வட்டம், எந்த வகை வீடு என்ற கேள்வியின் விடையிலேயே ஒருவருக்குரிய மரியாதை அளந்து தரப்பட்டுவிடுகிறது. சட்டமோ 'பணியாளர்' என்பதற்குள் நிரந்தரப் பணியாளரோடு ஒப்பந்தத் தொழிலாளியையும் தினக்கூலியையும் சேர்க்கிறது; வீட்டு வேலை செய்பவரையும் விடவில்லை. அதன் பார்வையில், சுற்றுக் கிராமத்திலிருந்து காலையில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணுக்கு நம் வீட்டு அடுக்களையும் ஒரு பணியிடம். அவர் முறையிடுவதற்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. இச்செய்தி அவரை எட்டியிருக்கிறதா என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது. அலுவலகச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு அடுக்களைக்கு வருவதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவ்வீட்டில் இருப்பவர்கள், அதாவது நாம்.

மரியாதை என்றால் வரம்பு என்று தொடங்கினோம். அவ்வரம்பைக் காக்கும் பொறுப்பைப் பெண்ணின் உடை, நடை, நேரம் ஆகியவற்றின் மீது சுமத்தியதே நம் நெடிய வரலாறு. வாச்சாத்தியின் பெண்கள் அதைத் திருப்பி வைத்தார்கள். வரம்பு மீறியவன் வெட்கப்படட்டும் என்பதே நீதிமன்றத்தில் அவர்கள் நின்ற நிலையின் பொருள். அந்தப் பொருளை நம் அன்றாட மொழியில் சேர்த்துக்கொள்வதே இனி எஞ்சியுள்ள வேலை.