தேக்கா மூங்கிலும் மழைத்தோட்டமும்



தேக்கா என்ற சொல்லைச் சொன்னதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? காய்கறிக் கடை, மீன் கடை, சேலைக் கடை, பூக்கடை, தீபாவளி விளக்கு. அந்தப் பெயரின் பொருள் என்னவென்று என்றாவது கேட்டதுண்டா? தமிழ்ச் சொல் மாதிரியே காதில் விழுந்தாலும் அது தமிழ் அன்று. 'தெக் கியா கா' என்ற ஹொக்கியன் மொழிச் சொல்லின் சுருக்கம் அது. சிறு மூங்கில்களின் அடிவாரம் என்று பொருள். ரோச்சோர் கால்வாய்க் கரை ஓரமாக அந்தக் காலத்தில் மூங்கில் புதர் மண்டிக் கிடந்ததாம். அதைக் கண்ட சீனர்கள் வைத்த பெயரை நாமும் எடுத்துக்கொண்டோம்.

மூங்கில் போய்விட்டது; பெயர் மட்டும் நின்றுவிட்டது. நீர்க்கரையில் செடி கொடி இருந்ததையும், அது அழிந்ததையும், இன்று மீண்டும் அதைத் தேடிப் பிடித்து நடுவதையும் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. கேட்பதற்குச் சாதாரண விஷயமாகத் தோன்றும். ஆனால் இதில் நம்மவர் வியர்வையும் கலந்திருக்கிறது. நம் பிள்ளைகளின் எதிர்காலமும் கலந்திருக்கிறது.

சதுப்பை வெட்டியவர்கள்

1819இல் ராபிள்ஸ் வந்து இறங்கியபோது இன்றைய நகரத்தின் பெரும்பகுதி சதுப்பு நிலம். அலை ஏறினால் கடல்நீர் உள்ளே வரும். மழை பெய்தால் ஆற்றுநீர் வெளியே போக மாட்டாமல் நிற்கும். பிராஸ் பாசா என்பது மலாய் மொழியில் ஈர அரிசி. கம்போங் கிளாம் என்பது சதுப்பில் வளரும் கெலாம் மரத்தின் பெயரால் வந்தது. கண்டாங் கெர்பாவ் என்பது எருமைத் தொழுவம். தண்ணீரும் புல்லும் நிறைந்திருந்ததால்தான் சிராங்கூன் சாலை வட்டாரத்திற்கு மாடுகளும் மாட்டு வியாபாரிகளும் வந்தார்கள். அவர்களோடு நம்மவர்களும் வந்தார்கள். பபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் அதற்கு இன்றும் சாட்சி சொல்கின்றன.

அந்தச் சதுப்பை வடித்தவர்கள் யார்? 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து வந்த கைதிகள் சிங்கப்பூரில் வேலை வாங்கப்பட்டார்கள். சென்னை மாகாணத்துக் கைதிகளும் அவர்களில் அடக்கம். சதுப்பை மேடாக்கியதும், வாய்க்கால் வெட்டியதும், சடக்கு போட்டதும், பாலம் கட்டியதும் அவர்கள் கைகளே. கட்டடக் கலைஞர் கோல்மன் பெயரில் தெரு இருக்கிறது. அவர் மேற்பார்வையில் மண் சுமந்தவர்கள் பெயரில் தெரு கிடையாது. ஆனால் அவர்கள் வெட்டிய மண்ணின் மேல்தான் நாம் நடக்கிறோம் என்பதை மறக்கலாமா?

பின்னர் நம் சலவைத் தொழிலாளர்கள் ஸ்டாம்போர்டு கால்வாயாக மாறிய ஓடையில் துணி வெளுத்தார்கள். டோபி காட் என்ற பெயர் அங்கிருந்து வந்ததே. நகரத்துத் தண்ணீர் சென்ற வழியில் எல்லாம் நம் வரலாறு இருக்கிறது, கண்டீர்களா!

தோட்டம் கற்றுக்கொடுத்த பாடம்

தோட்டத் தோழர்களே, இந்த இடம் உங்களுக்கு நன்றாகவே புரியும். சிங்கப்பூரிலும் நீ சூன், செம்பவாங் பக்கங்களில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. கித்தா மரங்களுக்கு நடுவே ஒரு புல்கூட இருக்கக் கூடாது, தரை துடைத்த மாதிரி இருக்க வேண்டும் என்பது ஆரம்ப காலத்துத் துரைமார் கட்டளை. நம் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து களை வெட்டினார்கள். முடிவு என்ன? மழை வெறும் தரையில் விழுந்தது. மேல்மண்ணை அரித்துக்கொண்டு அல்லூரில் ஓடியது. ஆறு சேறாயிற்று; தோட்டம் சத்தை இழந்தது.

1930களை ஒட்டித் துரைமார்களும் பாடம் கற்றுக்கொண்டார்கள். தரையில் படரும் அவரை இனக் கொடிகளை வளர்க்கச் சொன்னார்கள். சரிவில் படி வெட்டச் சொன்னார்கள். இடையிடையே குழி தோண்டி, ஓடும் நீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்கச் சொன்னார்கள். செடி மூடிய மண் மழையைக் குடிக்கும். மொட்டை மண் மழையை விரட்டும். இந்த உண்மையைத்தான் நகரம் வெகுகாலம் கழித்துக் கண்டுபிடித்தது!

வெள்ளமும் சிமெண்டும்

ஊர் வளர்ந்தது. கம்பங்கள் போய் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. மண் இருந்த இடமெல்லாம் தாரும் சிமெண்டும் ஆயின. ஆயிரம் சதுர மீட்டர் சிமெண்டுத் தரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50,000 லிட்டர் தண்ணீர். அதாவது மூவாயிரம் குடத்துக்கு மேல்! மண்ணாக இருந்தால் ஒரு பங்கையாவது குடித்திருக்கும். சிமெண்டு என்ன செய்யும்? அத்தனையையும் ஒரே சமயத்தில் லோங்காங்கில் கொட்டும்.

1954, 1969, 1978 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளங்களைப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். 1978 டிசம்பர் 2ஆம் நாள் பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தண்ணீர் ஓடாமல் அப்படியே நின்றிருந்தால் பெரியவர்களுக்கே முழங்காலைத் தொடும்! அந்த வெள்ளத்தில் ஏழு உயிர்கள் போயின. பன்றி, கோழி, தட்டுமுட்டுச் சாமான் என்று ஏழைகள் இழந்ததுக்கு அளவில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1972இல் சுற்றுப்புற அமைச்சு அமைந்து, வடிகால் வேலைகள் ஒரு துறையின் கீழ் வந்தன. ஆறுகளை அகலப்படுத்தினார்கள், நேராக்கினார்கள், இருபுறமும் சிமெண்டு பூசினார்கள். 1970களில் வெள்ளம் தாக்கக்கூடிய நிலம் ஏறத்தாழ 3,200 ஹெக்டேர். இப்போது அது 30 ஹெக்டேருக்கும் குறைவு. இது பெரிய சாதனை. இதைக் குறை சொல்வது நன்றி மறப்பதாகும்.

ஆனாலும் ஒன்று உண்டு. நேரான சிமெண்டுக் கால்வாய் தண்ணீரை வேகமாகத் துரத்தும், சுத்தம் செய்யாது. சாலையின் எண்ணெய், மண், குப்பை எல்லாம் அதோடு ஓடும். முன்பு அது கடலுக்குப் போனது. 2008இல் மரீனா அணை திறக்கப்பட்ட பின்னர் கதை மாறிற்று. சிங்கப்பூர் நிலத்தில் ஆறில் ஒரு பங்கின் மழைநீர் மரீனா நீர்த்தேக்கத்தில் வந்து சேர்கிறது. தேக்காவின் லோங்காங்கில் விழும் மழையும் ரோச்சோர் கால்வாய் வழியாக அங்கேதான் போகிறது. அஞ்சடியில் நின்று ஒருவர் வீசும் பிளாஸ்டிக் பையும் அதே வழியில்தான் போகும். நாம் குடிக்கப் போகும் தண்ணீரில் நாமே குப்பை போடுவதா?

மழைத்தோட்டம் என்றால் என்ன?

2006இல் பொதுப் பயனீட்டுக் கழகம் துடிப்பான, அழகான, தூய்மையான நீர்நிலைகள் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஒரு கருவிதான் மழைத்தோட்டம். "தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துவோம், தோட்டம் எப்படித் தண்ணியை அடக்கும்?" என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

சுற்றியுள்ள தரையைவிடச் சற்றுப் பள்ளமாக ஒரு பாத்தி. மேலே செடிகள். அதன் கீழே மணல் கலந்த மண். அதற்குக் கீழே சரளைக்கல். அடியில் துளையிட்ட குழாய். கார் நிறுத்துமிடத்திலும் கூரையிலும் விழுந்த மழை முதலில் இந்தப் பள்ளத்துக்கு வரும். சிறிது நேரம் தேங்கி, மெல்ல மெல்ல இறங்கும். மண் தூசியை வடிகட்டும். வேரும் அதில் வாழும் நுண்ணுயிர்களும் அழுக்கில் உள்ள சத்துகளை உண்ணும். கடைசியில் தெளிந்த நீர் குழாய் வழியே நிதானமாகக் கால்வாய்க்குப் போகும். நம் வீட்டில் மணலும் கரியும் போட்டுப் பானையில் தண்ணீர் வடிகட்டவில்லையா? அதே வித்தைதான்.

கொசு வராதா என்று தாய்மார்கள் பயப்படுவது நியாயமே. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். நன்றாக அமைத்த மழைத்தோட்டத்தில் தண்ணீர் ஒரு நாளைக்குள் வடிந்துவிடும். பராமரிக்காமல் விட்டு மண் அடைத்துக்கொண்டால் மட்டுமே ஆபத்து. ஆகவே கட்டுவது பாதி வேலை, காப்பது மீதி வேலை.

எந்தச் செடியை நடுவது? இந்த மண்ணின் செடியே சிறந்தது. இன்று வெள்ளம், நாளை வெயில் என்றாலும் அது தாங்கும். உரம் அதிகம் கேட்காது. உரம் போட்டால் அதுவும் நீர்த்தேக்கத்துக்கே போகுமல்லவா? ஊதாப் பூ பூக்கும் செண்டுடோக் செடியைத் தோட்டத்துப் பிள்ளைகள் அறிவார்கள். அதன் பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொள்ளாத பிள்ளை உண்டா? பெரணி, கோரை இவையும் பாத்திக்கு ஏற்றவை. இடம் பெரிதாக இருந்தால் மரமும் வைக்கலாம். புன்னை, பூவரசு, தாழை ஆகியவை சிங்கப்பூர்க் கடற்கரைக்குச் சொந்தமானவை. தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் அவை சொந்தமே! கப்பலில் வந்த நம் பாட்டனார் இறங்கியபோது, அவருக்கு முன்பே அந்தச் சொந்தக்காரர்கள் இங்கே கரையில் நின்றிருந்தார்கள்.

மெக்பர்சன் பக்கத்துப் பாலம் பேட்டையிலும், பொங்கோலின் புதிய வீவக வீடுகளுக்கு நடுவிலும் மழைத்தோட்டங்களைப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் பெரிய வேலை பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நடந்தது. அங்கே கல்லாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளத்திற்கு நேரான சிமெண்டுக் கால்வாயாக ஓடியது. அந்தச் சிமெண்டை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக 2012இல் மாற்றினார்கள். கரையைப் பிடித்திருப்பது கல்லும் செடியின் வேரும். பெருமழையில் ஆறு கரை மீறிப் புல்வெளியில் விரியும்; மழை நின்றதும் சுருங்கும். இன்று அங்கே நீர்நாய் விளையாடுகிறது. தேக்கா அருகே ரோச்சோர் கால்வாயும் 2015இல் புதுப்பிக்கப்பட்டு, கரையில் நடைபாதையும் செடிகளும் வந்துவிட்டன.

செடி மட்டும் போதுமா?

போதாது. உள்ளதைச் சொல்ல வேண்டும். 2010 ஜூன் 16இல் சில மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி ஆர்ச்சர்ட் சாலை வெள்ளக்காடானது. அத்தகைய மழையைச் செடிப் பாத்தி மட்டும் தாங்காது. அதற்காக 38,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டியும், ஸ்டாம்போர்டு திசைமாற்றுக் கால்வாயும் கட்டி 2018இல் முடித்தார்கள். ஆனால் 2014 முதல் 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டடங்கள், தம் நிலத்தில் விழும் மழையைத் தாமே சற்று நிறுத்தி வைத்து அனுப்ப வேண்டும் என்ற விதியும் வந்தது. பெரிய கால்வாய் ஒன்று. சிறிய பள்ளங்கள் பல. இரண்டும் சேர்ந்தால்தான் ஊர் பிழைக்கும். சிறு துளி பெருவெள்ளம் என்றார்கள் பெரியோர். துளியை விழுந்த இடத்திலேயே கொஞ்சம் நிறுத்தினால் பெருவெள்ளம் சிறுவெள்ளமாகும்.

நம் முன்னோர்க்கு இது புதிதன்று. ஏரி, கண்மாய், ஊருணி என்று மழையை நிறுத்தி வாழ்ந்த இனம் நாம். ஏரி உடையாமலிருக்கக் கலிங்கு வைத்துக் கட்டியவர்கள் நாம். அந்த அறிவு நம் பிள்ளைகளிடம் பரிசுக் கோப்பையோடு சேர்ந்து போக வேண்டாமா?

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை மழை பெய்யும்போது சன்னலில் நின்று பாருங்கள். பள்ளிக் கூரைத் தண்ணீர் எந்த லோங்காங்கில் விழுகிறது, அது எங்கே போகிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பெற்றோர்களே! வாசலில் ஒரு சாண் மண் இருந்தால் சிமெண்டு பூச அவசரப்படாதீர்கள். தோட்டத் தோழர்களே! மழைக்கும் மண்ணுக்கும் உள்ள உறவை நீங்கள் கையால் அறிந்தவர்கள். அதைப் பிள்ளைகளுக்கு வாயாலும் சொல்லுங்கள்.

மண் குடிக்கட்டும், செடி தழைக்கட்டும், ஊர் நனைந்தாலும் மூழ்காதிருக்கட்டும்!