அடுப்பு அணைவது ஏன்?

மரத்தூளை அழுத்திச் செய்த குறுணைகளை எரித்து இறைச்சி வாட்டும் அடுப்பு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1980களில் உருவானது. திருகுத்தண்டு ஒன்று குறுணைகளைத் தீக்கிண்ணத்திற்குத் தள்ளும்; மின்விசிறி காற்றூட்டும்; உணர்கருவி வெப்பத்தைக் கணிக்கும். இத்தனை இருந்தும், "தீ நிற்கவில்லை" என்ற முறைப்பாடு அந்த அடுப்பை விட்டு அகலவில்லை. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகவே இருக்கும். ஈரத்தில் ஊறிய குறுணை உப்பித் தண்டை அடைத்திருக்கும். கிண்ணத்தில் சேர்ந்த சாம்பல் காற்றுத் துளைகளை மூடியிருக்கும். அல்லது விசிறி போதிய காற்றைத் தராதிருக்கும்.

இம்மூன்றையும் எமது கிராமத்து அடுப்படி என்றோ அறிந்திருந்தது. மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில், மிளகுக்கொடி படர நட்ட சீமைக்கிளுவையின் கிளைகளே விறகாவதைக் கண்டிருக்கிறேன். வெட்டிய கிளையை உலர்த்தாமல் எவரும் அடுப்பில் வைப்பதில்லை. சாம்பலை அள்ளிய பின்னரே காலைத் தீ மூட்டப்படும். தீ சோர்ந்தால் ஊதுகுழல் துணைக்கு வரும்.

இதே மாவட்டத்தில் சீகிரியாவை அண்டிய தெஹிகஹ அல கந்தவில், இரும்பு உருக்கிய பழங்கால உலைகளை அகழ்வாய்வாளர் வெளிக்கொணர்ந்தனர். தீயைப் பேணும் அறிவு இங்கு எத்துணை தொன்மையானது என்பதற்கு அவை சான்று. தெற்கே சமனலவெவ மலைச்சரிவுகளில் கிடைத்த சான்று இன்னும் வியப்புக்குரியது. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அங்கு இரும்பு உருக்கியோர், தென்மேற்குப் பருவக்காற்று நேரே மோதும் மேற்குச் சரிவுகளில் உலைகளை அமைத்தனர். துருத்தியின்றி இயற்கைக் காற்றால் அத்தகைய வெப்பம் எழுமா என்ற ஐயம் அறிஞரிடையே இருந்தது. ஆய்வாளர் ஜில் ஜூலெஃப் 1994இல் அதே மாதிரி உலையை அமைத்து, அதே காற்றில் இயக்கி, உயர்கரிம உருக்கையும் பெற்றுக் காட்டினார். அவ்வாய்வு 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியானது. உலையின் முன்சுவருக்கு மேலாக வீசும் காற்று அங்கு அழுத்தத்தைக் குறைக்க, கீழுள்ள குழாய்கள் வழியே புதுக்காற்று உள்ளே இழுக்கப்பட்டது. இன்று மின்விசிறி செய்யும் வேலையை அன்று மலைச்சரிவு செய்தது.

ஆயினும் இவ்வறிவு கைமாறாவிடின் ஒரு தலைமுறையிலேயே மறைந்துவிடும். 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காது நாடு வரிசையில் நின்றபோது, நகரத்து வீடுகள் பலவற்றில் விறகு இருந்தும் தீ நிற்கவில்லை, புகைதான் நிறைந்தது. ஈரவிறகை அடைத்து, காற்றுக்கு இடம் விடாமல், மேலும் மேலும் மண்ணெண்ணெய் ஊற்றியோரை நான் கண்டேன். பாட்டிமாரைக் கேட்டறிந்த வீடுகள் தப்பின.

குறுணை அடுப்புக்கும் அவர்களின் விதியே பொருந்தும். அணைந்த அடுப்பை உடனே மீண்டும் மூட்டலாகாது. எரியாத குறுணைகள் கிண்ணத்தில் குவிந்திருந்தால், அவை ஒருசேரப் பற்றித் தீ சீறும் அபாயம் உண்டு. மின்னிணைப்பைத் துண்டித்து, நன்கு ஆறவிட்டு, குவிந்ததையும் சாம்பலையும் அகற்றுங்கள். பின்னர் உலர்ந்த குறுணையை இட்டு, விசிறி சுழல்வதை உறுதிசெய்து மூட்டுங்கள். வீட்டில் விறகடுப்பறிந்த முதியவர் இருப்பின், பிள்ளைகளை ஒருநாள் அவரருகே அமரச் செய்யுங்கள்.