சோனகத் தெரு வீடுகள்: உறுதியில் உள்ளதும் இல்லாததும்

ஒரு வீடு யாருக்குச் சொந்தமாயிருந்தது என்பது ஒரு வரலாறு. அதில் யார் வாழ்ந்தார்கள் என்பது இன்னொரு வரலாறு. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இவ்விரண்டும் 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி பிரிந்தன. இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு அன்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அம்மாதத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர். வீட்டோடு காணி உறுதிகளையும் விட்டுச் சென்றோர் பலர்.

உறுதி தொலைந்தாலும் தேடும் வழி உண்டு. காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டுமென்பது 1840 ஆம் ஆண்டின் சட்டம். மூலப் பிரதி உரியவரிடமும், இன்னொன்று நொத்தாரிசிடமும், மற்றொன்று காணிப் பதிவகத்திலும் இருக்கும். பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பக்கம். அது நிரம்பினால் அடுத்த ஏட்டின் பக்கம் அங்கே குறிக்கப்படும். அந்தக் குறிப்புகளைப் பிடித்துப் பின்னோக்கிச் சென்றால் பழைய சொந்தக்காரர் ஒவ்வொருவராகத் தெரிய வருவர்.

உறுதியில் பரப்பும் குழியும் மட்டுமல்ல, நான்கு எல்லைகளும் எழுதப்படுகின்றன. கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை என வரும் அந்த வரிகளில் அயலவரின் பெயர்கள் கிடைக்கின்றன. ஒரு வீட்டின் உறுதி காணாமற் போனாலும் பக்கத்து வீட்டு உறுதி அதற்குச் சாட்சி சொல்லும். வீடு சீதனமாகப் பெண்மக்களுக்குச் சென்ற சமூகத்தில், சீதன உறுதிகள் தாய்வழித் தலைமுறைகளையும் காட்டித் தருகின்றன. குடும்ப மரங்களில் எழுதப்படாத உம்மாமாரின் பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன.

ஆனால், வாடகைக்கு இருந்தவரும் சீதன வீட்டில் வந்து குடியேறிய மருமகனும் அங்கே ஒதுங்கிய உறவினரும் உறுதியில் இல்லை. அவர்களைத் தேர்தல் இடாப்பிலும் விவாகப் பதிவேட்டிலும் பள்ளிவாசல் கணக்குகளிலும் தேட வேண்டும். 1990 க்குப் பின் அவ்வீடுகள் சிலவற்றில் தங்கியிருந்த தமிழ்க் குடும்பங்களும் போரால் இடம்பெயர்ந்தவைதாம். வீட்டின் கதையில் அவர்களுக்கும் இடமுண்டு.

எனினும், குடியிருப்பு உரிமையாக மாறலாம் என்ற அச்சம் சொந்தக்காரருக்கு இருந்தது. பத்தாண்டு தடையின்றி எதிரிடையாக ஆட்சி செய்தவர் காணிக்கு உரிமை கோர 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டம் இடமளிக்கிறது. திரும்பிவர முடியாதவரின் ஆண்டுகளும் அவருக்கு எதிராகவே எண்ணப்படும் நிலை. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவ்வாறு எண்ணாதிருக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. போர் முடிந்து ஏழு ஆண்டுகள் கழிந்தே அது வந்தது. அதற்கு முன்பே வீட்டை விற்றுவிட்டவரும் உளர்.

சட்டம் சொந்தக்காரரை மட்டுமே தேடும். வாழ்ந்தவரைத் தேடுவது எம்மவரின் எழுத்துப் பணி. 1990 இல் இருபது வயதாயிருந்தவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். புத்தளத்திலும் பிற இடங்களிலும் வாழும் அத்தகையோர், எந்த வீட்டுக்கு அடுத்தது எந்த வீடு, அங்கே யார் யார் இருந்தார்கள் என்று தெருவை ஒரு தாளில் வரைந்து தரக்கூடியவர்கள். அந்தத் தாளையும் பதிவகத்து ஏட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வேலையை இனியும் தள்ளிப்போடலாகாது.