பொய் சொன்ன ரத்தம் – 6: மாட்டிதயத்தின் சாட்சி

போன வாரம் ஒரு கல்யாணப் பெண்ணை ஆய்வுக்கூட வாசலில் நிறுத்திவிட்டு வந்தேன். அவருக்குப் பெயர் வைக்கவில்லை. அவரைப் போலப் பலர் இருந்ததால் வைக்கத் தோன்றவில்லை. 1935இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணம், ரத்தச் சோதனை இல்லாமல் கல்யாணம் இல்லை என்று சட்டம் போட்டது. மற்ற மாகாணங்களில் பெரும்பாலானவையும் ஒவ்வொன்றாக அதே வழிக்கு வந்தன. தேடியது சிபிலிஸ், நம் பாட்டிமார் வாயில் மேகநோய். பெண்ணின் உடம்பில் புண் இல்லை, தடிப்பு இல்லை, நோய் தொற்ற வழியும் இல்லை. சீட்டில் மட்டும் ‘பாசிட்டிவ்’.

சீட்டை நம்புவதா, பெண்ணை நம்புவதா?

அந்தக் காலம் சீட்டைத்தான் நம்பியது. மாப்பிள்ளை வீடு என்ன நினைத்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சீட்டு பொய் சொல்லக்கூடும் என்பதற்கான தடயம், சோதனை பிறந்த அன்றே அதற்குள் கிடந்தது.

1906, பெர்லின். ஆகஸ்ட் வாசர்மானும் கூட்டாளிகளும் சோதனையை உருவாக்கியபோது, சிபிலிஸோடு இறந்து பிறந்த சிசுவின் ஈரலை அரைத்துப் பயன்படுத்தினார்கள். (ஆட்டு ரத்த அணு, கினிப்பன்றிச் சீரம் சமாச்சாரமெல்லாம் மூன்றாம் வாரத்தில் பார்த்தாயிற்று.) அந்த ஈரல் முழுக்கக் கிருமி இருக்கும், நோயாளியின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் அதைப் பிடிக்கும். இதுதான் கணக்கு. சோதனை பலித்தது. கொஞ்ச நாளில் கணக்குத்தான் உதைத்தது. நோயே இல்லாத ஈரலைப் போட்டாலும் சோதனை பலித்தது. ஆல்கஹாலில் ஊறவைத்த மாட்டிதயத்தைப் போட்டாலும் பலித்தது. மாட்டிதயத்தில் சிபிலிஸ் கிருமிக்கு என்ன வேலை?

திருடனைப் பிடிக்க நாய் வளர்க்கிறோம். அது குரைக்கிறது, திருடனும் அகப்படுகிறான். பிறகு ஒருநாள் தெரியவருகிறது, நாய் மோப்பம் பிடித்தது திருடனை இல்லை. திருடன் வந்தால் நம் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்புகிற ஏதோ ஒரு வாடையை. அப்படியானால் திருடன் வராமலே அந்த வாடை கிளம்பினால்?

வாடைக்குப் பெயர் கிடைக்க 1941 ஆயிற்று. நியூயார்க் மாகாணச் சுகாதாரத் துறையின் ஆல்பனி ஆய்வுக்கூடத்தில் மேரி பாங்போர்ன் என்ற வேதியியலாளர் மாட்டிதயத்திலிருந்து ஒரு கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். இதயத்தில் கிடைத்ததால் கார்டியோலிப்பின். அதோடு லெசித்தினும் கொலஸ்ட்ராலும் சேர்த்ததுதான் வி.டி.ஆர்.எல். சோதனை. நம்மூரில் கர்ப்பிணிகளுக்கு இன்றும் எழுதிக்கொடுக்கிறார்களே, அதேதான். அந்தக் கார்டியோலிப்பின் மாட்டிடம் மட்டும் இல்லை. உங்கள் இதயத்திலும் இருக்கிறது, என் இதயத்திலும் இருக்கிறது. அதற்கு எதிராக நம் ரத்தமே ஆயுதம் எடுத்தால், சோதனைக்குழாய் அதையும் சிபிலிஸ் என்றுதான் வாசிக்கும்.

1949இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நெல்சனும் மேயரும் உயிருள்ள சிபிலிஸ் கிருமியையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். நோயாளியின் சீரம் பட்டதும் நெளிகிற கிருமி அசைவற்றுப் போனால் சிபிலிஸ் உண்டு. நெளிந்துகொண்டே இருந்தால் இல்லை. செலவும் சிரமமும் பிடித்த சோதனை, ஆனால் கிருமி பொய் சொல்லாது. அதே ஹாப்கின்ஸில் சிபிலிஸ் மருத்துவத்தில் பெரிய பெயரெடுத்த ஜோசப் மூர், சார்ல்ஸ் மோருடன் சேர்ந்து 1952இல் பொய்ச் சீட்டுக்காரர்களை இரண்டாகப் பிரித்தார். சிலருக்கு ஏதோ காய்ச்சலுக்குப் பின் சில மாதம் பாசிட்டிவ் காட்டிவிட்டு மறைந்துவிடும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் மறையாது. மறையாதவர்களில் பெண்களே அதிகம். அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, சிலருக்குப் பின்னால் லூபஸ் வந்தது. உடம்பின் காவல்படை உடம்பையே தாக்கும் நோய் அது.

பொய் என்று ஒதுக்கிய சீட்டு, வேறொரு நோயைப் பற்றி உண்மை பேசியிருக்கிறது. கேட்ட கேள்விதான் தப்பு.

அதே ஹாப்கின்ஸ், அதே 1952. ரத்தவியல் பிரிவில் லாக்கார்ட் கான்லியும் ராபர்ட் ஹார்ட்மனும் லூபஸ் நோயாளிகள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் ரத்தம் குழாயில் உறைய மறுக்கிறது.

உறைய மறுக்கும் ரத்தம் இரண்டு வகை. அரிசி இல்லாததால் சோறு ஆகவில்லை என்பது ஒன்று. அரிசி இருக்கிறது, யாரோ அடுப்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது இன்னொன்று. எது என்று தெரிய, பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி கடன் வாங்கிப் பார்த்தால் போதும். ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவைச் சேர்த்ததும் நேரம் சரியானால், ஏதோ ஒரு உறைகாரணி குறைவு. இவர்களுக்குச் சரியாகவில்லை. கடன் கொடுத்த வீட்டு அடுப்பும் சேர்ந்து அணைந்தது. ரத்தத்திலேயே ஒரு தடுப்பான் சுற்றிக்கொண்டிருந்தது. எழுபது ஆண்டு கழிந்தும், இந்தக் கலவைச் சோதனை ஆய்வுக்கூடங்களை விட்டுப் போகவில்லை.

இந்த இரண்டு கதைகளும் ஒரே கதை என்று எப்படித் தெரிந்தது? அதைத் தென் சுவீடன் சொன்னது. 1957இல் அன்னா-பிரிட்டா லாரெலும் இங்கா மேரி நில்சனும், அந்த உறைதடுப்பானைக் கார்டியோலிப்பினைக் கொண்டே உறிஞ்சி எடுத்துவிட முடியும் என்று காட்டினார்கள். கல்யாணப் பெண்ணின் சீட்டைக் கெடுத்த ஆளும், குழாயில் உறைதலைக் கெடுத்த ஆளும் ஒரே தெருக்காரர்கள்.

விஷயம் விளங்கிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ரத்தம் உறைய பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மேடை வேண்டும். கார்டியோலிப்பினும் அந்த இனம்தான். எதிர்ப்பொருள் மேடையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, உறைகாரணிகளுக்கு இடமில்லை, உறைதல் தாமதமாகிறது. ஆகவே இவர்களுக்கு ரத்தப்போக்குதான் ஆபத்து. அப்படித்தானே?

1963இல் மேயோ கிளினிக்கிலிருந்து வால்டர் போவியின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. உறைதடுப்பான் உள்ள லூபஸ் நோயாளிகள். ரத்தம் கொட்டியிருக்க வேண்டியவர்கள். அவர்களில் சிலருக்கு ரத்தக்குழாய்க்குள் ரத்தம் கட்டிக்கொண்டிருந்தது.

சோதனைக்குழாயில் உறையாத ரத்தம், உடம்புக்குள் உறைகிறது! இதைப் படித்த பிறகும் 1972இல் அதற்கு ‘லூபஸ் உறைதடுப்பான்’ என்று பெயர் நிலைத்தது. மருத்துவத்தில் இதைவிட மோசமான பெயரை நான் பார்த்ததில்லை. அது உள்ளவர்களில் பலருக்கு லூபஸ் கிடையாது. உடம்பில் அது உறைதலைத் தடுப்பதும் கிடையாது.

இந்த இரட்டை வேடக்காரனை உறுதியாகப் பிடிக்க ஒரு பொறி வேண்டும். உறைதலின் ஆரம்பப் படிகளையெல்லாம் தாண்டி, நேராகப் பத்தாம் காரணியைத் தட்டி எழுப்பும் ஒரு பொருள் வேண்டும். கொழுப்பு மேடையை வேண்டுமென்றே சிறியதாகப் போட்டுவிட்டு அதைச் சேர்த்தால், ஒளிந்திருக்கும் எதிர்ப்பொருள் வெளியே வந்தே தீரும்.

அந்தப் பொருள் எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை. நம் வயல் வரப்பில் நெளிந்துகொண்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சோழமண்டலக் கரையில் பாம்பு சேகரித்த மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல், 1796இல் அச்சிட்ட புத்தகத்தில் அதை வரைந்து வைத்திருந்தார். இன்றும் ஆங்கிலத்தில் அது அவர் பெயரையே சுமக்கிறது. நாம் சொல்வது கண்ணாடி விரியன்.

1934இல் லண்டனில், மெக்ஃபார்லேன் என்ற இளம் மருத்துவரும், விலங்குக்காட்சிச் சாலையின் ஊர்வனப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த பர்ஜெஸ் பார்னெட்டும் அதன் விஷத்தைக் கையில் எடுத்தார்கள். கடிபட்டவர் உடம்பில் ரத்தம் உறையாமல் கொட்டவைக்கும் விஷம். அதை அவர்கள் தடவப்போனது, ரத்தம் நிற்காமல் ஒழுகிக்கொண்டிருந்த ஒருவரின் காயத்தில்.

(தொடரும்)