மலையைச் சுற்றினோம்; படித்தோமா?

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கொட்டிய பெருமழையிலே திருவண்ணாமலை மலைச்சரிவு இளகிற்று. அடிவாரத்து வ.உ.சி. நகரிலே மண்ணும் பாறையும் உருண்டு வந்து ஒரு வீட்டை மூடின. மாண்டோர் எழுவர்; அவர்களில் ஐவர் சிறுவர் சிறுமியர்!

முழுநிலவுதோறும் இலட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் சுற்றி வந்து கும்பிடும் மலை அது. நெருப்பே குளிர்ந்து மலையாயிற்று என்னும் தலபுராணத்தை அறிந்தோர் ஏராளம். எவ்வளவு மழைக்கு எந்தச் சரிவு தாங்கும் என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? மலையை வணங்கக் கற்றோம்; படிக்கக் கற்றோமில்லை.

பள்ளியிலே கற்பிக்கலாமே என்பீர்கள். மண்ணும் மழையும் பாடமாகட்டும் என்றதுமே தமிழகத்துக்கு ஒரு பழைய வடு நினைவுக்கு வரும், வரத்தான் வேண்டும். 1953-இல் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி. மற்ற நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டுத் தமிழகம் கொதித்தெழுந்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானார். திட்டம் குப்பைக்கூடை சேர்ந்தது.

அந்தப் போராட்டம் தந்த அளவுகோல் இன்றும் நம் கையில் உண்டு. உழவன் மகனுக்கு மட்டும் மண்வெட்டி, அலுவலர் மகனுக்கு மட்டும் ஏடு என்றால், அது குலக்கல்வி. இருவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து மண்ணை ஆராய்ந்தால், அது அறிவியல்!

அந்த அறிவியலுக்குச் சட்டத்தின் துணையும் கிடைத்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்குமாறு 1991 நவம்பர் 22-இல் உச்சநீதிமன்றம் பணித்தது. 2003 டிசம்பரில் மீண்டும் ஆணையிட்டது. 2005 முதல் 2014 வரையிலான காலத்தை, நீடித்த வளர்ச்சிக்கான கல்வியின் பத்தாண்டு என ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. பாடம் வந்தது, நூலும் வந்தது. ஆனால், தேர்வுக்கு உருப்போட்டுத் தேர்வோடு மறக்கும் பாடம் எதற்கு உதவும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமோ?

ஆகும் வழி அந்த மலையடியிலேயே இருக்கிறது. தீயால் பலகாலம் மொட்டையாய்க் கிடந்த சரிவுகளில், 'தி ஃபாரஸ்ட் வே' என்னும் அறக்கட்டளை இம்மண்ணுக்குரிய மரங்களை வளர்த்து வருகிறது. அதன் முயற்சியால் 2009-இல் மருதம் பண்ணைப் பள்ளி தோன்றிற்று. சிற்றூர்ப் பிள்ளைகளும் வெளியூர்ப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து படிக்கின்றனர், மலையேறுகின்றனர், மரம் நடுகின்றனர்.

நன்று. ஆனால், ஒரு பள்ளி போதுமா? அரசுப் பள்ளியிலே படிக்கும் ஏழைப் பிள்ளைக்கன்றோ அடிவாரத்திலே வீடு!

இளைஞர்களே, கேளுங்கள்! பள்ளிதோறும் ஒரு மழைமானி. வகுப்புதோறும் சரிவுகளையும் ஓடைகளையும் காட்டும் ஊர்ப்படம். மாணவர் கையால் ஒரு நாற்றங்கால். இவை சலுகையல்ல, உரிமை. மலைக்கு ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறார்கள். மலையடிவாரத்துப் பிள்ளையின் அறிவிலே விளக்கேற்றுவது நம் வேலை.