ஆடுகளுக்கு விட்ட தீவுகள்

தேசப்படத்தில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையைப் பார்த்தால், யாரோ ஓர் அப்பளத்தை நொறுக்கிக் கடலில் இறைத்துவிட்ட மாதிரி இருக்கும். அந்தத் துண்டுகளில் எல்லாவற்றுக்கும் வெளியே கிடப்பவற்றுக்கு வெளி ஹெப்ரிடீஸ் என்று பெயர். லூயிஸ் தீவின் வடகோடியிலிருந்து தெற்கே பாரா முனை வரை சுமார் 130 மைல். மேற்கே அட்லாண்டிக் சமுத்திரம். அதைத் தாண்டினால் அமெரிக்காதான். நடுவில் காற்றைத் தடுப்பார் யாருமில்லை. அதனால் அங்கே மரங்கள் அபூர்வம். இலைகளில் சலசலக்க வழியில்லாத காற்று, வேலிக் கம்பியிலும் காரின் கண்ணாடி இடுக்கிலும் ஊளையிட்டுக்கொண்டிருக்கும்.

இந்தத் தீவுகளைக் காரில் சுற்றுவது இன்று கஷ்டமான காரியமல்ல. ஸ்கை தீவுக்கு 1995-ல் பாலம் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து, கார்களையும் வயிற்றில் ஏற்றிக்கொள்ளும் கப்பல் ஹாரிஸுக்குப் போகிறது. பெர்னரே, எரிஸ்கே என்ற சிறு தீவுகளை, கடலில் கல்லைக் கொட்டிச் சாலை போட்டு, 1999-லும் 2001-லும் அண்டைத் தீவுகளோடு சேர்த்தாயிற்று. பாதை மட்டும் பெரும்பாலும் ஒற்றை வண்டிப் பாதை. எதிரே வண்டி வந்தால், அதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். கடந்து போகிறவர் கையைத் தூக்கி வந்தனம் சொல்லிவிட்டுப் போவார்.

கிளாஸ்கோவில் குடியேறிவிட்ட நண்பர் ஒருவரும் அவர் மனைவியும் என்னை அழைத்துப் போனார்கள். பின் ஸீட்டில் எனக்குத் துணை அவர்களுடைய நாய். கறுப்பும் வெள்ளையுமான 'காலி' இனம். ஆடு மேய்க்கவே பிறந்தது. ஆனால் மாடிக் குடியிருப்பில் வளர்ந்து, ஆட்டையே பார்த்திராத பிராணி அது. ஹாரிஸில் முதல் மந்தையைக் கண்டதும் அதற்கு உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பித்துவிட்டது. குரைக்கவில்லை, கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி ஒரே பார்வை. ஆடுகளோ தார் ரோட்டின் கதகதப்பில் படுத்துக்கொண்டு, எழுந்திருக்க மனமில்லாமல், 'இது எங்கள் ஊர், நீங்கள் யார்?' என்று கேட்பது போல் பார்த்தன. சரித்திரத்தைப் புரட்டினால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. இந்தத் தீவுகளின் நல்ல நிலங்கள் பலவற்றை மனிதர்களிடமிருந்து பிடுங்கி ஆடுகளுக்குத்தான் கொடுத்தார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே பணம் கடற்பாசியில் இருந்தது. அதை அறுத்து, உலர்த்தி, எரித்தால் கிடைக்கும் சாம்பல், கண்ணாடி செய்யவும் சோப்புக் காய்ச்சவும் வேண்டியிருந்தது. நெப்போலியன் யுத்தத்தில் ஸ்பெயின் சரக்கு தடைப்பட்டதும் விலை ஏறியது. குளிர்ந்த நீரில் நின்று பாசி அறுத்தவன் குடியானவன், லாபம் ஜமீன்தாருக்கு. இந்தக் கூலியாட்கள் கப்பலேறிக் கனடாவுக்குப் போய்விடப் போகிறார்களே என்று ஜமீன்தார்களுக்குக் கவலை. 1803-ல், கப்பல் பிரயாணிகளின் நன்மைக்காக என்று சொல்லி ஒரு சட்டம் வந்தது. அதனால் கப்பல் கட்டணம் உயர்ந்தது. ஏழைகள் போக முடியாமல் நின்றார்கள். நன்மை யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யுத்தம் முடிந்தது, ஸ்பெயின் சரக்கு திரும்பி வந்தது, சாம்பல் விலை சரிந்தது. உடனே அதே ஜனங்கள் வேண்டாத கூட்டமாகிவிட்டார்கள்! ஆட்டுப் பண்ணைக்காரன் அவர்களைவிட அதிகக் குத்தகை தரத் தயாராக இருந்தான்.

ஹாரிஸ் தீவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேற்குக் கரையில் சிப்பி மணல் கலந்த புல்வெளி. கோடையில் பூவாகக் கிடக்கும். கிழக்குக் கரை முழுவதும் பாறை. மேற்கே தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்களைக் காலி செய்வித்துக் கிழக்கே தள்ளினார்கள். அவர்கள் பாசியையும் சதுப்பு மண்ணையும் கூடையில் சுமந்து, பாறைகளுக்கு நடுவே கொட்டி, மேட்டுப் பாத்தி கட்டி உருளைக்கிழங்கு போட்டார்கள். அந்த மாதிரிப் பாத்திக்கு ஆங்கிலத்தில் 'சோம்பேறிப் பாத்தி' என்று பெயர். பெயர் வைத்தவன் கூடை சுமந்தவனாக இருக்க முடியாது. உயிரோடிருப்பவர்கள் எப்படியோ வயிற்றைக் கழுவினார்கள். செத்தவர்களுக்குத்தான் வழியில்லை. புதைக்கும் ஆழத்துக்குக் கிழக்கே மண் கிடையாது. ஆகையால் பிணத்தைத் தோளில் சுமந்து, மலையைக் கடந்து, மேற்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். 'சவப்பெட்டிப் பாதை' என்று அந்த ஒற்றையடிப் பாதை இன்றும் இருக்கிறது. உயிரோடு இருக்கக்கூடாது என்று விரட்டிய மண்ணில், செத்த பிறகு ஆறடி கிடைத்தது.

மற்ற தீவுகளில் கப்பலே வந்து நின்றது. 1846-ல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பஞ்சம் வந்தது. தெற்கு யூயிஸ்ட், பாரா தீவுகளின் சொந்தக்காரரான கர்னல் கார்டன், 1851-ல் சுமார் 1,700 பேரைக் கனடாவுக்கு ஏற்றி அனுப்பினார். லூயிஸ் தீவை 1844-ல் வாங்கியவர் ஜேம்ஸ் மாதிசன். சீனாவில் அபினி விற்றுச் சேர்த்த பணம் அது. அந்த அபினி விளைந்தது நம் நாட்டில். ஸ்டோர்னோவே ஊரில் அந்தப் பணம் இன்றும் கோட்டையாக நிற்கிறது. பஞ்சத்தில் அவர் தானியம் வாங்கிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு இரண்டாயிரம் பேர் அளவில் கப்பலேற்றினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஸ்டோர்னோவேயைப் பற்றித் தமிழர்களுக்கு வேறொரு சேதியும் உண்டு. மெக்கன்சி சுவடிகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றைத் தொகுத்த காலின் மெக்கன்சி இந்த ஊர்க்காரர். 1783-ல் சென்னைக்கு வந்தவர், 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆகி, 1821-ல் வங்காளத்தில் காலமானார். நம் ஊர்களின் வரலாறுகளையும் பாளையக்காரர்களின் வம்சாவளிகளையும் எழுதி வாங்கி வைத்தார். அவருடைய சொந்தத் தீவின் குடியானவர்கள் கதையைச் சர்க்கார் உட்கார்ந்து கேட்பதற்கு 1883 ஆயிற்று. அந்த வருஷம் கமிஷனுக்குத் தலைமை தாங்கித் தீவு தீவாகப் போனவர் யார் தெரியுமா? 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு! கூவத்தின் முகத்தில் நிற்கும் நேப்பியர் பாலம் அவர் பெயரில் உள்ளதுதான். தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கிழவர்கள் அவர் முன் எழுந்து நின்று, யார் வீட்டுக் கூரையை எப்போது பிரித்தார்கள் என்று சொன்னார்கள். 1886-ல் சட்டம் வந்தது. குடியானவனை இஷ்டப்படி வெளியேற்றுவது அதோடு நின்றது.

சட்டத்தால் காப்பாற்ற முடியாத தீவு ஒன்றும் உண்டு. வடக்கு யூயிஸ்டுக்கு மேற்கே 40 மைல் தள்ளி, நடுச் சமுத்திரத்தில் இருக்கும் செயிண்ட் கில்டா. கார் அங்கே போகாது. லீவர்பரோவிலிருந்து படகு போகிறது, கடல் சம்மதித்தால். (சன்லைட் சோப்பு லீவர் பிரபு 1919-ல் ஹாரிஸை வாங்கித் தம் பெயர் சூட்டிய துறைமுகம் அது.)

செயிண்ட் கில்டா ஜனங்கள் பறவைகளால் வாழ்ந்தவர்கள். கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறைகளில் கயிற்றைக் கட்டி இறங்கிப் பிடிப்பார்கள். மாமிசம் சாப்பாட்டுக்கு, எண்ணெய் விளக்குக்கு, இறகு ஜமீன்தாருக்குக் குத்தகை! காலையில் ஆண்கள் தெருவில் கூடி, இன்று என்ன வேலை என்று பேசி முடிவு செய்வார்கள். பிறந்த குழந்தைகள் எட்டாம் நாள் ஜன்னியில் கொத்துக் கொத்தாகச் செத்தன. 1852-ல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் பலர் கரை சேரவில்லை. முதல் உலக யுத்தத்தில் கடற்படைக்காரர்கள் வந்து தங்கிப் போன பிறகு, வாலிபர்களுக்கு வெளி உலகத்தின் ருசி தெரிந்துவிட்டது. 1930-ல் மிஞ்சியவர்களும், விசித்திரமாக, 36 பேர்தான். ஒரு படகைத் தள்ளுவதற்குக்கூட ஆள் பலம் போதவில்லை. எங்களை இங்கிருந்து அழைத்துப் போங்கள் என்று அவர்களே சர்க்காருக்கு மனுப் போட்டார்கள்.

முதலில் ஆடுகளைக் கப்பலேற்றினார்கள். ஆட்டுக்குச் சந்தையில் விலை உண்டு. நாய்க்கு இல்லை. பாறைகளில் ஆட்டை மடக்கி, பறவை பிடிக்கவும் கூடவே ஓடிய நாய்கள். அவற்றின் கழுத்தில் கல்லைக் கட்டி, சொந்தக்காரர்களே கடலில் போட்டார்கள். 1930 ஆகஸ்டு 29-ஆம் தேதி காலை, ஒவ்வொரு வீட்டிலும் பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு பிடி ஓட்ஸ் தானியமும் வைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கப்பலேறினார்கள்.

ஸ்காட்லாந்துக் கரையில் அவர்களில் பல ஆண்களுக்குச் சர்க்கார் கொடுத்த உத்தியோகம் காட்டு இலாகாவில். மரமே இல்லாத தீவில் பிறந்தவர்கள், மரம் வளர்க்கப் போனார்கள்! அன்று எட்டு வயதுப் பெண்ணாகக் கப்பலேறியவர்தான் அவர்களில் கடைசியாக உயிரோடிருந்தவர்; 2016-ல் தமது 93-ஆம் வயதில் காலமானார்.

1932-ல் பக்கத்துச் சிறு தீவிலிருந்து 107 ஆடுகளைக் கொண்டுவந்து செயிண்ட் கில்டாவில் விட்டார்கள். அவற்றின் சந்ததி இன்று நூற்றுக்கணக்கில், கூரையில்லாத வீடுகளுக்குள் புகுந்து, காற்றுக்கு ஒதுங்கி நிற்கிறது. மேய்ப்பவர் யாருமில்லை. பார்க்கப் போகிறவர்கள் நாயை அழைத்துக்கொண்டு கரையிறங்க அனுமதி கிடையாது.