தரவுக் கட்டமைப்புத் தேர்வு

கணினியியலில், ஒரு நிரல் கையாளும் பதிவுகளை நினைவகத்திலோ வட்டிலோ எவ்வகையில் ஒழுங்குபடுத்தி வைப்பது எனத் தீர்மானிப்பது தரவுக் கட்டமைப்புத் தேர்வு எனப்படும். பதிவு என்பது ஒரு பொருளைப் பற்றிய பல புலங்களின் தொகுப்பு ஆகும். எடுத்துக்காட்டாக, மாணவர் ஒருவரின் தேர்வு எண், பெயர், மதிப்பெண் ஆகியன சேர்ந்து ஒரு பதிவாகும். பதிவைத் தனித்து அடையாளங்காட்டும் புலம் திறவுகோல் எனப்படும்.

எல்லாப் பணிகளுக்கும் ஏற்ற ஒரே கட்டமைப்பு இல்லை. தேடல், சேர்த்தல், நீக்கல், வரிசைப்படி படித்தல் ஆகியவற்றுள் எது மிகுதியாக நிகழும், பதிவுகள் எத்தனை, அவை எங்கே வைக்கப்படும் என்பனவற்றைப் பொறுத்தே தேர்வு அமையும்.

முதன்மையான கட்டமைப்புகள்

அணி: பதிவுகள் நினைவகத்தில் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. வரிசைப்படுத்தப்படாத 10 இலட்சம் பதிவுகளுள் ஒன்றைக் கண்டறியச் சராசரியாக 5 இலட்சம் ஒப்பீடுகள் தேவை. வரிசைப்படுத்தியிருந்தால், இருமத் தேடல் மூலம் 20 ஒப்பீடுகளே போதும். ஆனால் இடையில் ஒரு பதிவைச் சேர்க்க, அடுத்துள்ளவை அனைத்தையும் நகர்த்த வேண்டும்.

தொடுப்புப் பட்டியல்: ஒவ்வொரு பதிவும் அடுத்த பதிவின் முகவரியைக் கொண்டிருக்கும். இடம் தெரிந்தால் சேர்த்தலும் நீக்கலும் எளிது. தேடலோ முதலிலிருந்து ஒவ்வொன்றாகவே நிகழும்.

ஹாஷ் அட்டவணை: திறவுகோலிலிருந்து பதிவின் இடத்தைக் கணிக்கும் முறையாகும். ஐபிஎம் நிறுவனத்தின் ஆன்சு பீட்டர் லூன் 1953இல் இக்கருத்தை முன்வைத்தார். பதிவுகள் பெருகினாலும் சராசரித் தேடல் நேரம் ஏறக்குறைய மாறாது. எனினும் பதிவுகள் வரிசையில் இரா.

சமநிலைத் தேடல் மரம்: 1962இல் சோவியத் அறிஞர்களான அடெல்சன்-வெல்ஸ்கி, லாண்டிஸ் ஆகியோர் ஏவிஎல் மரத்தை வெளியிட்டனர். 10 இலட்சம் பதிவுகளிலும் தேடல் 30 படிகளுக்குள் முடியும். வரிசையும் காக்கப்படும்.

பி-மரம்: போயிங் ஆய்வகத்தில் பணியாற்றிய ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்கிரைட் ஆகியோர் 1970இல் உருவாக்கியது. ஒரு கணுவில் பல திறவுகோல்கள் இருப்பதால் வட்டை அணுகும் தடவைகள் குறைகின்றன. கணுவுக்கு 100 கிளைகள் எனில், 3 படிகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பதிவுகளை எட்டலாம். எஸ்கியூலைட் உள்ளிட்ட தரவுத்தள மென்பொருள்கள் இதனைப் பயன்படுத்துகின்றன.

எடுத்துக்காட்டு

40 மாணவர் கொண்ட வகுப்பிற்கு எளிய அணியே போதுமானது. பல இலட்சம் மாணவர் எழுதும் பொதுத்தேர்வில், தேர்வு எண்ணைக் கொண்டு முடிவைக் காட்ட ஹாஷ் அட்டவணை ஏற்றது. 450 முதல் 500 வரை மதிப்பெண் பெற்றோரைப் பட்டியலிட அது உதவாது; அதற்கு மரமே பொருந்தும். இரண்டும் தேவையெனில், பதிவுகளை ஓரிடத்தில் வைத்து, அவற்றின் முகவரிகளை மட்டும் இரு கட்டமைப்புகளிலும் குறிக்கலாம். அவ்வாறாயின் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இரண்டையும் புதுப்பிக்க வேண்டும்.

பொருந்தாத் தேர்வின் விளைவுகள்

சிறிய சோதனைத் தரவில் குறை புலப்படாது. பதிவுகள் பெருகும்போதே நிரல் மந்தமாகும். சராசரி வேகத்தை மட்டும் நம்புவதும் இடர் தரும். ஒரே இடத்தில் மோதும் திறவுகோல்களை வேண்டுமென்றே அனுப்பி, ஹாஷ் அட்டவணையைப் பட்டியல்போல் மெதுவாக்க முடியும் என்பதை 2003இல் கிராஸ்பி, வாலக் ஆகியோர் விளக்கினர். பல வலை நிரல்மொழிகளும் இத்தாக்குதலுக்கு உட்படக்கூடியவை என்பது 2011இல் வெளிப்பட்டது. இதன்பின் பைத்தான் போன்ற மொழிகளின் ஹாஷ் கணிப்பில் எதிர்வுகூற முடியாத மறை எண் சேர்க்கப்பட்டது. 2014இல் வெளியான ஜாவா 8, மோதல் மிகுந்த இடங்களில் பட்டியலுக்குப் பதிலாகச் சமநிலை மரத்தைப் பயன்படுத்துகிறது.